அழகேசன் தொலைத்த அயோடின்

அழகேசனின் உடம்பிலிருந்து கதிர்வீச்சு போய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவரைச் சோதித்த மீட்டருக்கு இல்லை, வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இல்லை, கோயில் தலைவர் அய்யாவுக்குக்கூட இல்லை. யாரைக் கேட்டுக்கொண்டு அது போனது என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

அழகேசனுக்கு வீடு புக்கிட் செலம்பாவில். வயது நாற்பத்தேழு. கூலிமில் பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் கொல்ல மார்ச் மூன்றாம் தேதி ஒரே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஈயப் பெட்டிக்குள் வந்த மாத்திரை. கொடுத்த நர்ஸ், அவர் விழுங்கும் முன்பே கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

டாக்டர் அஃபிரா சுங்கைப் பட்டாணிக்காரப் பெண். பொறுமையாக விளக்கினார்.

"இது அயோடின் நூத்தி முப்பத்தொண்ணு. தைராய்டு செல்லுக்கு அயோடின்னா உசுரு. கேன்சர் செல்லும் சாப்பாடுன்னு நெனச்சு இத இழுத்துக்கும், உள்ளேர்ந்தே கருகிப் போயிடும். எட்டு நாளைக்கு ஒரு தடவ இதோட சக்தி பாதியாகும். உடம்புல தங்காதது மூத்திரத்துல போயிடும். பயப்பட ஒண்ணும் இல்லண்ணே."

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "ஆனா நுரையீரல்ல ஒரு சின்னப் புள்ளி தெரியுது. அது செத்துச்சான்னு ஆறு மாசம் கழிச்சு மறுபடி கொஞ்சம் அயோடின் குடுத்து ஸ்கேன் எடுக்கணும். இருந்துச்சுன்னா உடனே ரெண்டாவது டோஸ். செப்டம்பர் ஒம்போது. அந்தத் தேதிய மட்டும் விட்டுறாதீங்க."

அழகேசனின் மனைவி வாசுகி அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் மஞ்சள் வைத்து வட்டமிட்டாள். அவர்களுக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் வேறு தேதி இல்லை.

பதினான்கு நாள் மருத்துவ லீவு, எம்.சி., முடிந்து, பதினெட்டாம் தேதி காலை ஷிப்ட்டுக்கு அழகேசன் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். தொழிற்சாலை வாசலில் இரண்டு மஞ்சள் தூண்கள் உண்டு. பழைய உலோகம் ஏற்றி வரும் லாரியில் கதிர்வீச்சுள்ள சாமான் ஏதாவது ஒளிந்திருந்தால் அவை கத்தும். அப்படிப்பட்டது உலைக்குள் விழுந்தால் ஆலையையே இழுத்து மூட வேண்டியதுதான் என்பதால் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஒரே குறை, வைத்து ஆறு வருடமாகியும் அவை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அன்றைக்கு பஸ்ஸைப் பார்த்துக் கத்தின.

தூண்களுக்குப் பொறுப்பு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி மனோகரன். நான்கு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவர். ஆறு வருடமாகத் தினமும் காலையில் பதிவேட்டைத் திறந்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தவர். சத்தம் கேட்டதும் அவர் முகம், கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதுபோல் மலர்ந்தது.

முப்பத்தொரு பேரை வெயிலில் நிறுத்தி, பஸ்ஸைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். கையில் மீட்டரோடு ஒவ்வொருவராக முகர்ந்து வந்து அழகேசன் முன்னால் நின்றார். மீட்டர் பொரிந்தது.

"இங்க ஒண்ணு பதுங்கியிருக்கு," என்றார் மனோகரன்.

"பதுங்கலண்ணே. வைத்தியத்துக்குக் குடுத்த மாத்திரை. இதோ ஆஸ்பத்திரி கார்டு," என்று அழகேசன் நீட்டினார்.

மனோகரன் அதைத் தொடாமல் படித்தார். "இது ஏர்போட்டுல காட்டுற கார்டு. நம்ம கேட்டு ஏர்போட்டு இல்லலா. கேட்டு அடிச்சா என்ன செய்யணும்னு எஸ்.ஓ.பி. இருக்கு. கதிர்வீச்சு மூலத்தக் கண்டுபிடி, பதி, பிரிச்சு வை. அது மனுஷனுக்குள்ள இருந்தா என்ன செய்றதுன்னு அதுல எழுதல. எழுதாததச் செய்ய எனக்கு அதிகாரம் இல்ல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு சிற்றுரை ஆற்றினார். "ஆறு வருஷமா மேனேஜ்மெண்ட்டு கேட்டுச்சு, மனோகரா நீ என்னதான் வேல செய்றேன்னு. இன்னைக்கு எல்லாரும் பாத்துட்டீங்க. அணுவுக்கு நடுவுல புரோட்டான் இருக்கு, நியூட்ரான் இருக்கு. கணக்கு சரியில்லன்னா அது அமைதியா இருக்காது, எதையாவது வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதக் கட்டுப்படுத்தத்தான் நாங்க இருக்கோம்."

அவர் படிவம் நிரப்பினார். பதிவு எண் எஸ்-17. பொருள், அயோடின் 131. கலன், மனிதன், ஆண், அறுபத்தெட்டு கிலோ. கலனின் நிலை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'மூடி இல்லை, கசியக்கூடியது' என்று எழுதினார். மறு உத்தரவு வரும்வரை கலன் ஆலைக்குள் வரக் கூடாது. படிவம் அன்றைக்கே சுங்கைப் பட்டாணியிலுள்ள வட்டாரக் கதிர்மூலப் பதிவகத்துக்குப் போய்விட்டது. இந்த நாட்டில் அத்தனை வேகமாக ஒரு கடிதம் போனதை அழகேசன் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் வந்து இறங்கும் முன்பே செய்தி குடியிருப்புக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மருதம்மாள் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டாள்.

"எத்தன நாளு தீட்டாம்?"

"தீட்டு இல்லக்கா. கதிர்வீச்சு. எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாகுமாம்," என்றாள் வாசுகி.

"அப்ப ரெண்டு எட்டு பதினாறு," என்று மருதம்மாள் முடித்துவிட்டாள்.

அது எல்லோருக்கும் புரிந்தது. சாவு வீட்டுக்குப் பதினாறு நாள் என்றால் அயோடின் வீட்டுக்கும் பதினாறு. அந்தப் பதினாறு நாளும் யாரும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் வேளை தவறாமல் யாராவது ஒருவர் வாசலில் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாள் காலையில் கோயில் தலைவர் அய்யாவு வந்து, அழகேசன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். விஷயம் முடிந்தது. எட்டு நாள் கணக்கில் பதினாறாம் நாள், தூண்கள் கத்திய அன்று இருந்ததில் கால் பங்குதான் மிச்சம் என்பதும், அவர் உடம்பில் அந்தக் கால் பங்குகூட இருந்திருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் செய்தார்கள்.

தோட்டத்து ஜனங்களே விட்டுவிட்டார்கள், படித்தவர்கள் விட மாட்டார்களா என்று நினைத்து அழகேசன் பதிவகத்துக்குப் போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

பதிவகத்தின் தலைவர் புவான் ஹமீதா, அதாவது திருமதி ஹமீதா. அப்பாவுக்கு சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை. நல்ல தமிழ், நல்ல மரியாதை. மேசையின் மேல் பித்தளையில் அணு பொம்மை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கண்ணே. இது வேணாம், அந்த நாற்காலி. தூரமா இருக்கே, அது," என்றார். "டீ சாப்புடுறீங்களா?"

டீ காகிதக் கோப்பையில் வந்தது. அவர் குடித்து முடித்ததும் கோப்பையை ஒருவர் இடுக்கியால் எடுத்துப்போனார்.

"பாதி பாதியாக் கொறைஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க மேடம். இப்ப ஒண்ணும் இருக்காது. பேர எடுத்துவிட்டீங்கன்னா வேலைக்குப் போவேன்."

ஹமீதா சந்தோஷமாகச் சிரித்தார். அது அவருக்குப் பிடித்த பாடம்.

"ஒரு அப்பத்தப் பாதியாக்குங்க. மறுபடி பாதி. மறுபடி பாதி. என்னைக்காவது ஒண்ணுமில்லாமப் போகுமா? போகாது. எவ்வளவு சின்னதானாலும் பாதி மிச்சமிருக்கும். அறிவியல்படி நீங்க என்னைக்கும் பூஜ்யம் ஆக மாட்டீங்கண்ணே. நாங்க அறிவியல மதிக்கிற அலுவலகம்."

"அப்ப எப்பத்தான் பேரு போகும்?"

"நிபந்தனை இருக்கு. பத்து அரையாயுள், அதாவது எம்பது நாள், உரிமம் பெற்ற சேமிப்பறையில பூட்டு போட்டு வெச்சிருக்கணும். அப்புறம் சோதிச்சுட்டு முடிவு செய்வோம்."

"மார்ச் மூணுலேர்ந்து எம்பது நாள்னா மே மாசமே முடிஞ்சிருமே."

"உங்க வீட்டுக்கு உரிமம் இருந்துச்சா? இல்ல. உரிமம் கெடைக்கிற நாள்லேர்ந்துதான் கணக்கு. அதுக்கு முந்தி கொறைஞ்சதெல்லாம் அனுமதி இல்லாமக் கொறைஞ்சது."

அழகேசன் எழுந்துவிட்டார். வேலை போனால் போகிறது, சும்மா வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஹமீதா கனிவோடு சொன்னார்: "இன்னொண்ணு. பதிவேட்டுல ஒரு மூலம் நடப்புல இருக்கிற ஆளுக்கு எந்த ஆஸ்பத்திரியும் புது அயோடின் குடுக்க முடியாது. கம்ப்யூட்டரே விடாது. உங்க பாதுகாப்புக்குத்தான்."

அழகேசன் திரும்ப உட்கார்ந்தார். செப்டம்பர் ஒன்பது நெஞ்சில் வந்து குத்தியது.

சேமிப்பறைக்கு மூன்று இறக்கை போட்ட மஞ்சள் அடையாளம் வேண்டும், இரட்டைப் பூட்டு வேண்டும், பயிற்சி பெற்ற சாவிப் பொறுப்பாளர் வேண்டும். மூலம் தன் சாவியைத் தானே வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஆகவே தான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வாசுகி கோலாலம்பூருக்கு பஸ் ஏறினாள். நான்கு நாள் பயிற்சி. மனோகரன் வாங்கிய அதே பயிற்சி. அவர் ஐம்பத்தொரு மார்க், வாசுகி எண்பத்திரண்டு. அவள் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததை இரவுச் சாப்பாட்டின்போது புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவர் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை முதன்முதலாகச் சரியாகச் சொன்னது அவள்தான். பீட்டா பக்கத்திலேயே அடித்துக் கொல்லும், காமா வெளியே வந்து கேட்டை அலறவைக்கும் என்றாள். தன்னைப் பற்றித் தன் மனைவிக்கு இவ்வளவு தெரிந்ததில் அழகேசனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் முதல் தேதி உரிமம் வந்தது. எண்பது நாள் என்றால் ஆகஸ்ட் இருபது. ஸ்கேனுக்கு இருபது நாள் மிச்சம். வாசுகி காலண்டரில் தினம் ஒரு கோடு போட்டாள்.

பின்கட்டு அறையில் அழகேசன் சேமிக்கப்பட்டார். அறைக்குள் கழிப்பறை இல்லை. வீட்டுக்குள் இருந்த கழிப்பறைக்குப் போக எட்டடி நடக்க வேண்டும். அந்த எட்டடி, விதிப்படி, கதிர்மூலப் போக்குவரத்து. ஒவ்வொரு தடவையும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வழியில் விபத்து உண்டா இல்லையா என்று வாசுகி எழுதினாள். வாரம் ஒரு தடவை எழுதிய தாள்களைப் பதிவகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜூலையில் அழகேசனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஹமீதாவே போன் செய்து, போக்குவரத்து அதிகமாகியிருக்கிறதே, காரணம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்.

வாசுகியின் தங்கை கல்யாணத்துக்குப் போக அனுமதி கேட்டார்கள். நடமாடும் கலனைக் கூட்டத்துக்குள் விட முடியாது என்று பதில் வந்தது. அதே மாதம் சுங்கை லாலாங் பக்கம் ஒரு மண்டபத்தில் 'மக்களுக்காக அணு' என்ற விழிப்புணர்வு விழா நடந்தது. அதற்குப் பதிவகமே வேன் அனுப்பி அவரை ஏற்றிப்போனது. மேடையில் மஞ்சள் கயிறு கட்டி, உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். முந்நூறு பேர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஹமீதா அன்றைக்கு அருமையாகப் பேசினார். "ஆத்துல தண்ணி எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க அணு உதவுது. அணைக்கட்டுல ஓட்டை எங்கன்னு காட்டுது. எல்லாத்துக்கும் மேல, கேன்சரக் கொல்லுது. இதோ உக்காந்திருக்காரே அழகேசன் அண்ணன், அணு குடுத்த உயிர் இது. அந்த உயிரப் பத்திரமாப் பூட்டி வெச்சிருக்கோம்."

கை தட்டினார்கள். மனோகரனுக்கு 'விழிப்பான அதிகாரி' கேடயம் கிடைத்தது. அழகேசனுக்கு ஒரு டி-சட்டை கிடைத்தது. அதன் மேல் இனிமையாகச் சிரிக்கும் ஓர் அணு.

ஆகஸ்ட் பன்னிரண்டிலிருந்து டாக்டர் சொன்னபடி அழகேசன், அறுத்தெடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினார். ஸ்கேனுக்கு முன் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மிச்சமிருக்கும் கேன்சர் செல் பசியெடுத்து அயோடினை இழுக்கும். முகம் ஊதியது. வெயிலிலும் குளிரெடுத்தது. பேச்சு இழுத்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இருபதாம் தேதி ஹமீதாவும் மனோகரனும் மீட்டரோடு வந்தார்கள். மனோகரன் கழுத்தில் வைத்தார், நெஞ்சில் வைத்தார், வயிற்றில் வைத்தார். மீட்டர் வாயே திறக்கவில்லை. வாசுகிக்குக் கண் கலங்கியது. எழுந்து டீ போடப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது இரண்டு அதிகாரிகளின் முகமும் இருண்டிருந்தது.

"எங்க போச்சு?" என்று கேட்டார் ஹமீதா.

"என்னா மேடம்?"

"எஸ்-17. பதிவேட்டுல இருக்கு. இங்க இல்ல."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மூலத்தின் இன்றைய நிலை என்பதற்குக் கீழே மூன்று பெட்டிகள் இருந்தன. இடத்தில் உள்ளது. வேறிடம் மாற்றப்பட்டது. தொலைந்தது.

"சிதைஞ்சு போச்சு மேடம்," என்றாள் வாசுகி. "அப்படி ஒரு பெட்டி இல்லையே."

"இல்லைங்கக்கா. இருந்தா முதல் ஆளா நான் டிக் போடுவேன்."

வாசுகிக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பத்திரண்டு மார்க் வாங்கியவள். "பயிற்சியில உங்க ஆளுங்கதானே சொல்லிக்குடுத்தாங்க? அயோடின் சிதைஞ்சா செனான் ஆகும். செனான் ஒரு வாயு. அது மூச்சுல வெளிய போயிடும். அதுல கதிர்வீச்சு இல்ல. போயே போச்சு மேடம்."

ஹமீதா பேனாவை எடுத்தார். "அப்ப அனுமதியில்லாம வாயுவக் காத்துல விட்டிருக்காரு. இத சுற்றுச்சூழல் பிரிவுக்கும் எழுதணும். நல்லவேளை சொன்னீங்க."

படித்துத் தெரிந்துகொண்டதால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு கெடுதல் வரலாம் என்பது வாசுகிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவீட்டில் நின்று அழுதாள். மனோகரன் தர்மசங்கடத்தோடு டீயைக் குடித்து முடித்தார்.

தொலைந்தது என்று டிக் போட்டதால் போலீஸ் புகார் கட்டாயம். பாலாயில், போலீஸ் நிலையத்தில், இருந்த கார்ப்பரல் சுல்கிப்லி தமிழ் தெரிந்த நல்ல மனுஷன். இருவரையும் உட்காரவைத்து எழுத ஆரம்பித்தார்.

"என்னா பொருள்?"

"அயோடின்."

"கலரு?"

"தெரியாது சார். மாத்திரைக்குள்ள இருந்துச்சு."

"கடைசியா எங்க பாத்தீங்க?"

அழகேசன் நேர்மையானவர். "ஆஸ்பத்திரி கழிப்பறையில," என்றார்.

சுல்கிப்லி பேனாவை வைத்துவிட்டு அவர் ஊதிய முகத்தைப் பார்த்தார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்காண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. இல்லை என்று அழகேசன் சொன்னார். வாசுகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் ஒன்பது வந்தது. காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டர் அஃபிரா கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். திரை சிவப்பானது. 'முந்தைய மூலத்தைத் தொலைத்தவர். விசாரணை முடியும்வரை புதிய மூலம் வழங்கத் தடை.'

டாக்டர் பதிவகத்துக்கு மூன்று தடவை போன் செய்தார். கடைசித் தடவை அவர் குரல் வெளி வராண்டாவரை கேட்டது. "எட்டு நாள்ல பாதியாகிற சாமான் மேடம். அது தொலையல, தீர்ந்துபோச்சு. ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும் இது." அந்தப் பக்கத்துப் பதில் நீளமாக இருந்தது. டாக்டர் கேட்டுவிட்டு போனை வைத்தார்.

"மீறிக் குடுத்தா எங்க உரிமத்தையே எடுத்துருவாங்களாம். வாரத்துக்கு முப்பது பேரு வர்றாங்க அயோடினுக்கு." அவர் மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாத்திரைய மறுபடி சாப்புட ஆரம்பிங்கண்ணே. வேற ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். பாக்க முடியும், கொல்றதுக்குத்தான் அயோடின் வேணும்."

வேறு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு இருந்தன.

விசாரணைக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். செப்டம்பர்க் கூட்டம் முடிந்திருந்தது. டிசம்பரில் சுற்றுச்சூழல் பிரிவின் ஆள் லீவில் இருந்ததால் ஆள் போதவில்லை, கலைந்துவிட்டது. ஜனவரியில் அழகேசன் இருமினால் கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தது. பிப்ரவரியில் எட்டடி தூரத்துக் கழிப்பறைக்கு வாசுகியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவள் இப்போது எதையும் எழுதுவதில்லை.

மார்ச் கடைசியில் ஹமீதா பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கமிட்டி கூடிருச்சுண்ணே. உங்க கேஸத்தான் ரெண்டு மணி நேரம் பேசுனாங்க. படிவத்துல குறை இருக்குன்னு ஒத்துக்கிட்டோம். நாலாவதா ஒரு பெட்டி சேத்திருக்கோம். நாட்டுலயே முதல் தடவ. உங்களாலதான்."

அழகேசன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் கண்ணில் உயிர் வந்ததை வாசுகி பார்த்தாள்.

"டிக் போட்டா பேரு போயிருமா மேடம்?"

"அன்னைக்கே போயிரும். வழக்கு, தடை, எல்லாம் முடிஞ்சுது. யாருக்கும் தொல்லை இல்ல."

வாசுகி படிவத்தை வாங்கிப் படித்தாள். நான்காவது பெட்டியில், 'மூலம் கலனோடு சேர்ந்து முடிவுற்றது' என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், 'கலனின் மரணச் சான்றிதழை இணைக்கவும்.' அவள் இரண்டாம் தடவையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

"சாவிப் பொறுப்பாளர் கையெழுத்து மட்டும் இப்பவே வாங்கிக்கிறேங்கக்கா," என்றார் ஹமீதா. அவர் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. "அந்த நேரத்துல உங்கள அலைய வைக்க எனக்கு மனசு வரல. தேதிய மட்டும் காலியா விடுங்க, நாங்க போட்டுக்கிறோம்."

வாசுகிக்குக் கை எழவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்து அந்த அம்மாள் முகத்தில் எறிய வேண்டும் என்று இருந்தது.

அழகேசன் படிவத்தை வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"சான்றிதழ எத்தன நாளுக்குள்ள குடுக்கணும் மேடம்?"

"முடிஞ்ச தேதிலேர்ந்து பதினாலு நாள்ணே. தாண்டிருச்சுன்னா முதல்லேர்ந்து பதியணும். அப்புறம் எஸ்-17 அக்கா பேர்ல வந்துரும்."

அழகேசன் தலையணைக்குக் கீழிருந்த பேனாவை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். "போடு," என்றார். வாசுகி போட்டாள்.